போளூருக்குக் கடல் வந்த வழி

நாயுடுபுரம், கொடைக்கானல்
9 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பி குருநாதனுக்கு,

நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அது தன் செய்தியை என்னிடம் தினமும் தானே சொல்லிவிடுவதால் அதை உனக்கும் எழுதி உன் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. உன் சர்க்கரையும் சிவபாக்கியத்தின் இருமலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது. தொலைபேசியில் சொல்ல முயலாதே. என் காதுக்கருவி ஒவ்வொரு சொல்லையும் மிக்ஸியில் அரைத்த பிறகே உள்ளே அனுப்புகிறது.

எழுதக் காரணம் ஒரு கல்.

நேற்று ஞாயிற்றுச் சந்தை. எனக்குப் பூண்டு கொண்டுவரும், இங்கே மலைமேல் இருக்கும் போளூரின் மணிமேகலையை உனக்குத் தெரியும். தீபாவளிக்கு நீயும் சிவபாக்கியமும் வந்திருந்தபோது அவள் காட்டுக்குத்தான் காரில் போனோம். சந்தை முடிந்து வந்தவள், ஈரத்துண்டில் சுற்றிய ஒன்றை என் மேசைமேல் வைத்தாள்.

“களை வெட்டயில மம்பட்டில ணங்குன்னு பட்டுச்சும்மா. நத்தைதான் கல்லாப் போயிருச்சோன்னு பாத்தேன். எங்க வீட்டுக்காரரு ஓடையில எறியச் சொன்னாரு. எறிஞ்சா நம்ம கல்லம்மா வையும்னு கொண்டாந்துட்டேன்.”

ஊரில் என் முதுகுக்குப் பின்னால் வழங்கும் பெயரை என் முகத்துக்கு நேராகச் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. நானும் திருத்தவில்லை, ஏனென்றால் துண்டுக்குள் இருந்தது அம்மோனைட்.

நீ கடை பார்த்தவன். நான் கல் பார்த்தவள். ஆகையால் விளக்குகிறேன். அம்மோனைட் என்பது கணவாய் மீனின் பங்காளி. சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து, பழைய கடல்களோடு அழிந்துபோன பிராணி. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் கிடந்தது; அதனால் காரையிலும் கருடமங்கலத்திலும் ஓடைக்கரைகளில் நாற்பது ஆண்டுகள் குனிந்து பொறுக்கினேன். நான் குடியிருக்கும் இந்தப் பழனி மலைத்தொடரோ பூமியின் அடிவயிற்றில் வெந்த பாறை. இதன்மேல் கடல் ஏறியதில்லை. இதைச் சொல்லித்தான் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் சம்பளம் வாங்கினேன்.

இன்னொரு குழப்பம். அரியலூர்க் கற்கள் பழுப்பும் சுண்ணாம்பு வெளுப்புமாக இருக்கும். இது கன்னங்கரேல் என்று, இமயமலை ஆற்றிலிருந்து வருகிற, நீங்கள் சாளக்கிராமம் என்று சொல்லுகிற வகை. பூண்டுப் பாத்திக்குள் இமயமலை எப்படி வந்தது? உன் பூசைச் சாமான் கடையில் சாளக்கிராமம் வைத்திருக்கிறாய். மலைமேல் உள்ளவர்கள் யாரேனும் வாங்கிப் போனதுண்டா?

என் கல் தொகுப்பைத் திருச்சிக் கல்லூரிக்குக் கொடுத்து ஓராண்டாகிறது. கொடுத்ததில் வருத்தம் இல்லை என்று உன்னிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு கல்கூட இல்லாதது வசதிக்குறைவுதான்.

இனிப்பைத் தொடாதே. பஞ்சாமிர்தம் செய்கிறவன் அதை ருசி பார்த்துத்தான் ஆகவேண்டும் என்பது நீ கட்டிய கதை.

அன்புடன்,
விசாலாட்சி


பழனி அடிவாரம்
21 டிசம்பர் 2024

பேரன்புள்ள அக்காவுக்குத் தம்பி குருநாதன் வணக்கம்.

தண்டாயுதபாணி காப்பில் இங்கு அனைவரும் நலம். சிவபாக்கியத்துக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை சற்றுக் கூடியிருக்கிறது. அதற்கும் ருசி பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை. ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கடைத்தெருவை அடைத்துக்கொண்டிருப்பதால் பதில் தாமதம். மன்னிக்கவும்.

கல் கிடைத்த விவரம் படித்து மிக்க மகிழ்ச்சி. இரண்டு முறை படித்தேன். சிவபாக்கியத்துக்கும் வாசித்துக் காட்டினேன். “இப்பத்தான் மதினி எழுத்து மதினி எழுத்தா இருக்கு” என்றாள். தீபாவளிக்குப் பிறகு தாங்கள் எழுதிய கடிதம் நான்கு வரிதான் இருந்தது, அக்கா. இது முழுதாக இரண்டு தாள்.

கல் வந்த அன்று மத்தியானம் சாப்பிட்டீர்களா? எழுந்து நடக்கிறீர்களா? பழைய பூதக்கண்ணாடியை எடுத்தீர்களா? அது சிவபாக்கியம் ஒதுங்கவைத்த இரும்புப் பெட்டியில் மேலாகவே இருக்கிறது.

பூமிக்குள் எது எங்கிருந்து எங்கே போகும் என்று யார் கண்டது? தாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவசரம் இல்லை. மெதுவாகவே கண்டுபிடியுங்கள்.

பனி அதிகமாக இருக்கும். வெந்நீரே குடியுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
குருநாதன்


நாயுடுபுரம்
3 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

புத்தாண்டு என்று நாயுடுபுரம் முழுவதும் வெடி வைத்தார்கள். காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். உடல் நன்றாக இருக்கிறது. பூதக்கண்ணாடி நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது.

இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். இரண்டுக்கும் பதில் எழுதாமல் நான் சாப்பிட்டேனா என்று கேட்டிருக்கிறாய். சாப்பிட்டேன்.

கற்களை இடம்பெயர்க்கும் சக்திகள் ஆறு, பனி, காற்று என்று மாணவர்களுக்கு எழுதிப் போட்டவள் நான். இமயத்து ஆறு தெற்கே வந்து மலையேறாது. இங்கே விழும் பனி தக்காளிச் செடியைக் கருக்கும், கல்லைத் தூக்காது. காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வெள்ளைக்காரப் பாதிரியார் யாராவது சேகரித்து வைத்துத் தொலைத்திருக்கலாம் என்று ஒரு நாள் நம்பினேன். அவர் போளூரில் பாத்திக்குள் ஏன் தொலைக்கவேண்டும் என்று மறுநாள் அந்த நம்பிக்கையும் போயிற்று.

இதற்குள் விவகாரம் பெரிதாகிவிட்டது. அதே காட்டில் இரண்டாவது கல் வந்துவிட்டது. இந்த முறை அது கிடைத்தது மணிமேகலைக்கு அல்ல. அவள் கணவன் மணியனின் பெரியப்பா திருமலைச்சாமிக்கு. அந்த ஊர் முருகன் கோயிலில் பூசை வைப்பவர் அவர்தான். யாகத்தீயில் பிறந்து உலகத்தைக் கலக்கிய ஆட்டுக்கிடாயை முருகன் அடக்கி வாகனமாக்கிக்கொண்ட கதை உனக்குத் தெரியும். “அந்தக் கிடா இந்த மலையிலதான்டா முட்டிக் கொம்ப ஒடிச்சிருக்கு. பாத்தியா, சுருளு!” என்று சொல்லி, கல்லைப் பாத்தியிலேயே வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறார். மேல்நாட்டு அறிஞர்களும் இந்தப் பிராணிக்கு ஆட்டுக்கொம்புச் சாமி ஒன்றின் பெயரைத்தான் வைத்தார்கள். எனவே அவரைப் பார்த்து நான் சிரிப்பதற்கில்லை.

சிரிக்க முடியாத காரணம் வேறொன்றும் உண்டு. காட்டைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். செருப்போடு இறங்கக்கூடாது, மண்வெட்டி படக்கூடாது. பூண்டு திரளுகிற சமயத்தில் பாத்திக்குத் தண்ணீர் திருப்ப மணிமேகலைக்கு வழியில்லை. அவர்களுக்கு வேறு நிலமும் இல்லை.

தீபாவளியன்று நான் வரப்பில் நின்றேன். நீ மட்டும் உள்ளே நடந்தாய். பழைய கோயில் கல், பீடம், அப்படி ஏதாவது கண்ணில் பட்டதா? யோசித்து எழுது. சிவபாக்கியத்துக்கு என் அன்பு.

விசாலாட்சி


பழனி
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு அநேக நமஸ்காரம்.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. தாங்களும் பால் பொங்கவிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கண்டு கலக்கமாக இருக்கிறது. கும்பிடுகிறார்களா? கயிறே கட்டிவிட்டார்களா? ஒரு கல்லைப் பார்த்து இவ்வளவு தூரம் போவார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அது வெறும் கல்தான் என்று தாங்கள் போய்ச் சொன்னால் கேட்பார்களே. படித்தவர்கள் சொன்னால் மறுப்பார்களா?

அந்தக் காட்டில் பூண்டு எப்போது பிடுங்குவார்கள்? முழுக்கக் கிளறித்தான் பிடுங்குவார்களா, அல்லது செடி செடியாக உருவி எடுப்பார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பீடம் எதுவும் நான் பார்க்கவில்லை. பூண்டுப் பயிர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன், அவ்வளவுதான்.

தைப்பூசம் நெருங்குகிறது. பாதயாத்திரைக் கூட்டம் இப்போதே ஒட்டன்சத்திரம் சாலையை நிறைத்துவிட்டது. சில வாரங்களுக்கு எழுத முடியாது. குளிரில் வெளியே அதிகம் அலைய வேண்டாம்.

குருநாதன்


நாயுடுபுரம்
31 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

தைப்பூசக் கூட்டத்துக்கு நடுவில் இதைப் படிக்க உனக்கு நேரம் இருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்குத் தெளியாது.

தை அமாவாசையன்று போளூர் போனேன். கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள். இது சாமி இல்லை, கடல் பிராணி. இந்த ஊர்க் கல்லும் இல்லை, வெளியிலிருந்து வந்தது என்று நிதானமாகச் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு திருமலைச்சாமி எழுந்தார்.

“சரிங்கம்மா. இந்த மலையில கடலு இல்லேங்கிறீக. ஒத்துக்கிட்டோம். அப்ப இது எங்கிட்டு இருந்து வந்துச்சு?”

“தெரியவில்லை.”

“ஆத்துல வந்துச்சா?”

“இல்லை.”

“யாரும் கொண்டாந்து போட்டாகளா?”

“தெரியவில்லை.”

“அம்புட்டுப் படிச்ச உங்களுக்கே தெரியலேன்னா, தெரிஞ்சவன் மேல நிக்கிறான்” என்று பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். கூட்டமும் கும்பிட்டது. தர்க்கத்தில் எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை.

மாசி சிவராத்திரிக்குப் பீடம் எழுப்பப் போகிறார்களாம். மணிமேகலை என்னைப் பேருந்தில் ஏற்றிவிட வந்தாள்.  நான் ஏறும்போது, “கல்ல ஓடையிலேயே எறிஞ்சிருக்கணும். உங்களுக்குக் குடுத்தாச் சந்தோசப்படுவீகன்னு நெனச்சேன்” என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

இனி உனக்கு மட்டும். அந்த இரண்டு கற்களும் என்னுடையவையாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. நாற்பது ஆண்டில் யாரோ ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு இமயக் கற்களை எனக்குக் கொடுத்திருக்கலாம். கல்லூரிக்கு அனுப்பும்போது அவை பின்தங்கியிருக்கலாம். தீபாவளியன்று மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் நானே எங்காவது வைத்திருக்கலாம். அப்படிச் செய்த நினைவு எனக்கு இல்லை. செய்யாத நினைவும் இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. சென்ற வாரம் அடுப்பில் பால் வைத்து மறந்தேன். இதற்கு முன் அதைப் பால் பொங்கியது என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன். இப்போது எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

கல் எங்கிருந்து வந்தது என்பதை மறந்தவள் மலைமேல் தனியாக இருக்கலாகாது. உன் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் வெளிச்சம் வருமா என்று எழுது.

விசாலாட்சி


பழனி
14 பிப்ரவரி 2025

மதிப்புக்குரிய மதினிக்குச் சிவபாக்கியம் எழுதிக்கொள்வது.

நாங்க நல்லா இருக்கோம், நீங்க நல்லா இருக்கணும்னு முருகன வேண்டிக்கிறேன். எனக்கு உங்களப் போல எழுத வராது, பேசற மாதிரியே எழுதுறேன், தப்பா நெனைக்காதீக.

உங்க கடுதாசி வந்ததுல இருந்து இவுக சரியாச் சாப்பிடறதில்ல. பூசத்தன்னைக்குக் கடைய விட்டுட்டு, வலிக்கிற காலோட படியேறிப் போயி நாள் பூரா மேலயே உக்காந்துட்டாக. என்னன்னு கேட்டா, “சாமிகிட்ட சோலி இருந்துச்சு”ங்கிறாக. நாலு தரம் உங்களுக்கு எழுத உக்காந்தாக. நாலு தரமும் கிழிச்சுப் போட்டாக.

தீபாவளிக்கு வந்தப்ப ஒரு நா வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா, நீங்க கல்லு வச்சிருந்த டிராயரெல்லாம் காலியாத் தொறந்து போட்டு அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீக. இவுகளும் பாத்தாக. நீங்க எங்களப் பாக்கல. அன்னைக்கு மத்தியானம் பழனிக்குப் போயிட்டு வாரேன்னு இவுக மட்டும் காரெடுத்துப் போனாக, ஞாவகம் இருக்கா? மறுநாத்தான் எல்லாரும் போளூரு போனோம்.

இதுக்கு மேல எழுதக்கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காக. அதனால எழுதல.

உங்க புத்திக்கு ஒண்ணும் இல்ல மதினி. அத மட்டும் நம்புங்க. பின்னறையில வெளிச்சம் வராது.

சிவபாக்கியம்


நாயுடுபுரம்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

சிவபாக்கியத்தின் கடிதம் வந்தது. சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நேற்று அந்த முதல் கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும். கிடைத்த கல்லின் மேல் ஒட்டிய மண்ணும் சாட்சி என்று அதைக் கழுவாமல் வைப்பது எங்கள் துறைப் பழக்கம். இந்த மண்ணுக்குக் கீழே எண்ணெய் இருந்தது. எண்ணெய்க்குக் கீழே, அடிப்பக்கத்தில், வட்டமாகக் கொஞ்சம் பசை. நீங்கள் விலைச்சீட்டை அடிப்பக்கத்தில்தானே ஒட்டுவீர்கள்?

இன்னொன்று. தீபாவளியன்று பூண்டுப் பயிரைப் பார்த்துக்கொண்டு நடந்ததாக எழுதியிருந்தாய். அந்த வாரம் அவர்கள் பாத்தி மட்டும்தான் கட்டியிருந்தார்கள். பூண்டு ஊன்றியதே அதற்குப் பிறகுதான்.

பதில் எழுத வேண்டாம். சிவராத்திரி நெருங்கிவிட்டது. வரும் ஞாயிறு நான் போளூர் போகிறேன். நீ வராதே. பூசைச் சாமான் விற்கும் கடைக்காரன், அதுவும் அடிவாரத்தில், சாளக்கிராமத்தை எருப்போட்ட மண்ணில் கொண்டுபோய்ப் புதைத்தான் என்று வெளியே தெரிந்தால், கடைத்தெருவில் உன் பேச்சை யாரும் மதிக்கமாட்டார்கள். இது பொதுவாகச் சொன்னது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

விசாலாட்சி


நாயுடுபுரம்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நேற்று நடந்ததைப் பிறர் சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதுவது நல்லது.

அதே கோயில் வாசல், அதே நாற்காலி. எனக்கு நினைவு வந்துவிட்டது என்று சொன்னேன். கற்கள் என்னுடையவை, தீபாவளிக்கு வந்தபோது மஞ்சள் பையில் இருந்தன, பை அடியில் கிழிந்திருந்தது, வரப்பிலிருந்து பாத்திக்குள் நானும் இறங்கினேன், அப்போது விழுந்திருக்கின்றன. புதிதாகக் கொத்திய மண், அன்று தூறலும் இருந்தது, அழுந்திவிட்டன. நான் பாத்திக்குள் இறங்கவே இல்லை என்பது மணிமேகலைக்குத் தெரியும். அவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

“ஏலே, கல்லம்மா பையில இருந்து விழுந்ததுக்கா பெரியப்பா ஒன்றர மாசமாக் கற்பூரம் காட்டுனாரு!”

“அமாவாசைக்கு வந்தப்ப ஏம்மா சொல்லல?”

“மறந்துவிட்டேன்.”

“பாவம், வயசாயிருச்சுல்ல” என்றாள் ஒரு கிழவி. அவள் என்னைவிட மூத்தவள். “தனியா வேற கெடக்கு. கேக்க ஆளு இல்ல.”

 முப்பது ஆண்டு பாடம் நடத்தியவள் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டேன்.

திருமலைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை அவரே அவிழ்த்தார். கல்லைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து, “உங்களிடமே இருக்கட்டும், வடக்கே இதைச் சாமியாகத்தான் கும்பிடுகிறார்கள்” என்றேன். “சாமி எங்கிட்டு இருந்து விழுந்தா என்னம்மா” என்று சொல்லி எடுத்துக்கொண்டார். இனி அது கோயிலுக்குள் இருக்கும். பாத்தியில் இருப்பதைவிட அங்கே இருப்பது முறை.

நான் பேருந்து ஏறும் முன்பே மணிமேகலை காட்டுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டாள். கொஞ்சம் காய்ந்திருக்கிறது, மீதி தேறும் என்கிறாள்.

இனிமேல் போளூர் வரைக்கும் நான் மறதிக்காரி. உன்னிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

விசாலாட்சி


பழனி
4 மார்ச் 2025

அக்காவுக்கு,

நலம்.

மூன்று. மூன்றாவது, காட்டின் மேற்குக் கோடியில், பேரிக்காய் மரத்துக்கு நேர் கீழே இருக்கும் பாத்தியில், ஓரமாக. பூண்டு பிடுங்குவதற்குள் எடுத்துவிடுங்கள்.

ஒன்று அகப்படாமல் போனாலும் இன்னொன்று அகப்படட்டும் என்று கடைக்காரன் புத்தியில் மூன்றாகப் போட்டேன். மணிமேகலை கண்டெடுத்தால் உங்களிடம்தான் கொண்டுவருவாள், நீங்களும் பூதக்கண்ணாடியை எடுப்பீர்கள் என்று நினைத்தேன். எனக்கு அரியலூர்க் கல்லும் காசி வழியாகக் கடைக்கு வரும் கல்லும் ஒரே சுருள்தான். வித்தியாசம் உண்டு என்று தெரியாது.

புத்தியைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

பின்னறையில் வெளிச்சம் வராது, அக்கா. நீங்கள் மலைமேலேயே இருங்கள்.

குருநாதன்


நாயுடுபுரம்
18 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வெயில் ஏறிவிட்டது, இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊரெல்லாம் இங்கே வந்துகொண்டிருக்கிறது. முழங்காலும் வெயிலுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை போளூரில் பூண்டு பிடுங்கினார்கள். விடியுமுன்பே போய்விட்டேன். பேரிக்காய் மரத்தடிப் பாத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குனிய முடியவில்லை. மணிமேகலைதான் கையை விட்டு எடுத்தாள். முந்தானையில் துடைத்து, அக்கம்பக்கம் பார்த்து, என் மஞ்சள் பைக்குள் போட்டாள்.

“ஏம்மா, உங்க பை அம்புட்டு ஓட்டையா?”

“ஆமாம்.”

“பையி தீபாவளிக்கு வந்தப்ப வேட்டி கட்டியிருந்துச்சுல்ல?”

நான் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினேன். அவள் கொடுத்த பூண்டில் பாதியைச் சிவபாக்கியத்துக்கு அனுப்புகிறேன். இருமலுக்குப் பாலில் வேகவைத்துக் கொடு.

தீபாவளிக்கு வந்தபோதே நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், காலி இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருப்பது வியாதி அல்ல என்று சொல்லியிருப்பேன். நீ நம்பியிருக்கமாட்டாய். நம்பாமல் இருந்தது சரியாகவும் இருந்திருக்கலாம். அதைப் பற்றி நாம் மேலே பேச வேண்டாம்.

கிடைத்த இடம் தெரியாத அம்மோனைட் வெறும் கல் என்பது எங்கள் துறையின் முதல் பாடம். ஆகவே முதல் கல்லையும் இதையும் துடைத்து, இழுப்பறையில் வைத்து, அட்டை எழுதியிருக்கிறேன். உனக்கும் ஒரு நகல் எழுதுகிறேன்:

பிராணி: அம்மோனைட்.
பிறந்த இடம்: இமயம்.
கிடைத்த இடம்: போளூர், மணிமேகலையின் பூண்டுப் பாத்தி.
கொண்டுவந்து சேர்த்த சக்தி: தம்பி.

ஆறு, பனி, காற்று என்று மூன்றைத்தான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். நான்காவது விட்டுப்போயிற்று. மாணவர்கள் யாரும் கேட்கவில்லை.

சித்திரையில் இருவரும் வந்து சில நாட்கள் தங்கிவிட்டுப் போங்கள். வெறுங்கையோடு வா.

உன் அக்கா,
விசாலாட்சி